வூல்வொர்த்ஸ் முதல் டெபன்ஹாம்ஸ் வரை: பழியை இணையத்தின் மீது மட்டும் போடலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிரித்தானியக் கடைத்தெருக்களிலிருந்து மறைந்துபோன பெருங்கடைகளைப் பற்றித் தங்கள் பத்திரிகையின் சென்ற வார இதழில் வெளிவந்த கட்டுரையை ஆவலோடு படித்தேன். வூல்வொர்த்ஸ், சி அண்ட் ஏ, பிஎச்எஸ், டெபன்ஹாம்ஸ் எனப் பெயர்களை வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றைப் பற்றியும் ஓரிரு செய்திகளைச் சொல்லிவிட்டு, இணைய வணிகம் இவற்றை விழுங்கிவிட்டது என்று ஒரே வாக்கியத்தில் கட்டுரையாளர் முடித்திருந்தார். எண்பதுகளின் நடுவில் யாழ்ப்பாணத்திலிருந்து இலண்டனுக்கு வந்து, அத்தகைய கடைகளில் பொருள் வாங்கியும், சில காலம் அவற்றுள் ஒன்றில் வேலை செய்தும் வாழ்ந்தவள் என்ற முறையில், அந்த வாக்கியத்தை என்னால் அப்படியே ஏற்றுக்கொள்ள முடியவில்லை. அதை மறுப்பதற்கு முன், கட்டுரை தொடாமல் விட்ட சில நினைவுகளை எழுத விரும்புகிறேன். அந்தக் கடைகள் எம்மவர்களுக்கு என்னவாக இருந்தன என்பது சொல்லப்படாவிட்டால், அவை போனதில் எமக்கு என்ன இழப்பு என்பதும் விளங்காது.

அந்நாளில் இங்கு வந்து சேர்ந்தவர்களில் பலருக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியும்; பேசத்தான் நா எழாது. தபால் கந்தோரிலும், வைத்தியரின் வரவேற்பு மேசையிலும், இறைச்சிக் கடையிலும் வாய் திறந்து கேட்டாக வேண்டும். கேட்டதை எதிரில் நிற்பவர் இரண்டாம் முறை கேட்கச் சொன்னால், பின்னால் வரிசையில் நிற்பவர்களின் பார்வை முதுகில் குத்தும். வூல்வொர்த்ஸில் அந்தத் தொல்லை இருக்கவில்லை. பொருள்கள் யாவும் கைக்கெட்டும் உயரத்தில், விலை ஒட்டப்பட்டு, திறந்தபடியே இருக்கும். எடுத்துப் பார்க்கலாம், திருப்பி வைக்கலாம், கையிலுள்ள சில்லறையை எண்ணிப் பார்த்து மறுபடியும் எடுக்கலாம். ஒன்றும் வாங்காமல் வெளியேறினாலும் எவரும் முகம் சுளிக்கமாட்டார்கள். பேரம் பேசத் தெரியாதவரும் பேரம் பேசியே பழகியவரும் அங்கே ஒரே விலையைத்தான் கொடுத்தார்கள். ஊசி, நூல், பூட்டு, குண்டூசி, அலுமினியச் சட்டி, குழந்தையின் காலுறை, சுவருக்குப் பூசும் வண்ணம், பூச்செடியின் விதை என்று ஒரு குடும்பம் புதிதாகக் குடியேறும்போது தேவைப்படும் சிறு பொருள்கள் எல்லாம் ஒரே கூரையின் கீழ் கிடைத்தன. வாடகை அறையில் ஒரு பாத்திரமும் இரண்டு கோப்பையுமாக வாழ்க்கையைத் தொடங்கியவர்கள் எத்தனையோ பேர். அந்தப் பாத்திரமும் கோப்பையும் எங்கே வாங்கப்பட்டன என்று அவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

இந்த வசதி எமக்காக ஏற்பட்டதல்ல. அமெரிக்கரான ஃபிராங்க் வூல்வொர்த் 1909ஆம் ஆண்டு நவம்பர் மாதம் லிவர்பூல் நகரின் சேர்ச் வீதியில் தமது முதலாவது பிரித்தானியக் கடையைத் திறந்தபோது, மூன்று பென்ஸ், ஆறு பென்ஸ் என்ற விலைகளையே முன்னிறுத்தினார். ஆறு பென்சுக்கு மேல் எதுவும் இல்லை என்ற அந்த விதி இரண்டாம் உலகப் போர்க்காலம் வரை நீடித்தது. கடைக்காரர் மேசைக்குப் பின்னால் நின்று, வந்தவரின் உடையைப் பார்த்துப் பொருளை எடுத்துக் காட்டிய காலத்தில், உள்ளே நுழைந்து எதையும் வாங்காமல் சுற்றிப் பார்க்கலாம் என்று தொழிலாளர் குடும்பங்களை அழைத்தது அன்று ஒரு புதுமை. அந்தப் புதுமையின் பயனை முக்கால் நூற்றாண்டு கழித்து யாழ்ப்பாணத்திலிருந்து வந்த நாங்கள் அனுபவித்தோம்.

வூல்வொர்த்ஸைப் பற்றி எழுதிவிட்டுப் 'பிக் அன் மிக்ஸ்' இனிப்புகளை எழுதாமல் விட்டால் எங்கள் பிள்ளைகள் மன்னிக்கமாட்டார்கள். கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பெட்டிகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றிலும் சங்கிலியால் கட்டிய சிறு அகப்பை ஒன்று தொங்கும். கோலாப் புட்டி வடிவில் ஒன்று, இறால் வடிவில் இளஞ்சிவப்பாக ஒன்று, வெள்ளை எலி வடிவில் ஒன்று எனப் பிள்ளைகள் அள்ளி அள்ளிப் பையில் போடுவார்கள். எல்லாம் ஒரே நிறை விலை என்பதால், எடை குறைந்ததாகப் பார்த்து எடுத்தால் பை நிறையும் என்ற கணக்கை ஏழு வயதுப் பிள்ளையும் தானாகவே கண்டுபிடித்துவிடும். சனிக்கிழமை காலையில் தமிழ்ப் பாடசாலை. அது முடிந்ததும் கடைத்தெரு. இந்த இரண்டாவது பகுதி இல்லாவிட்டால் முதலாவது பகுதிக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்வது பெரும்பாடாக இருந்திருக்கும் என்று சொல்வதில் எனக்குக் கூச்சமில்லை. அந்த இனிப்புகள் பலவற்றில் மாட்டிலிருந்தோ பன்றியிலிருந்தோ எடுத்த ஜெலட்டின் இருக்கிறது என்பது சைவக் குடும்பங்களுக்குப் பிந்தித்தான் தெரிய வந்தது. அதன் பிறகு எங்கள் வீட்டுப் பை சாக்லேட் பூசிய முந்திரிகை வற்றலுக்கு மாறியது. பிள்ளைகளின் முகமும் மாறியது.

மற்றக் கடைகளுக்கும் எம்மிடம் தனித்தனி இடம் இருந்தது. முதற் குளிருக்கான மேலங்கியைப் பலர் சி அண்ட் ஏயில்தான் வாங்கினார்கள். நெதர்லாந்தின் ஸ்னேக் நகரில் 1841ஆம் ஆண்டு இரு சகோதரர்கள் தொடங்கிய அந்த நிறுவனம் 1922இல் பிரித்தானியாவுக்கு வந்தது. அதன் பெயரிலுள்ள இரண்டு எழுத்துகளும் கிளெமென்ஸ், ஓகஸ்ட் என்ற அந்தச் சகோதரர்களுடையவை. நாகரிகம் தெரிந்த இளைஞர்கள் அந்தக் கடையின் பையைக் கையில் தூக்கி நடக்க வெட்கப்பட்டார்கள் என்பது உண்மை. ஆனால், கறுப்போ சாம்பலோ ஏதோ ஒரு நிறத்தில், முழங்காலைத் தொடும் கனத்த மேலங்கியை, ஒரு கிழமைச் சம்பளத்துக்குள் கொடுத்த கடை அது. இந்த நாட்டுக் குளிர் என்ன என்று தெரியாமல் கொழும்பில் வாங்கிய மெல்லிய கம்பளிச் சட்டையோடு ஹீத்ரோவில் வந்திறங்கிய ஒருவருக்கு அந்த மேலங்கி எவ்வளவு பெரிது என்பதை நாகரிகம் தெரிந்தவர்கள் அறியமாட்டார்கள்.

பிஎச்எஸ் எனப்படும் பிரிட்டிஷ் ஹோம் ஸ்டோர்ஸ் 1928ஆம் ஆண்டு தென் இலண்டனின் பிரிக்ஸ்டனில் தொடங்கியது. வூல்வொர்த்ஸ் ஆறு பென்சோடு நின்றது என்றால், இவர்கள் ஒரு ஷில்லிங், அதாவது பன்னிரண்டு பென்ஸ், வரை போனார்கள். அதனால் வூல்வொர்த்ஸை விட ஒரு படி மேலான கடை என்ற நினைப்பு அதற்குக் கடைசி வரை இருந்தது. எமக்கோ பிஎச்எஸ் என்றால் அதன் விளக்குப் பகுதிதான். கூரை முழுவதும் தொங்கு விளக்குகள், நிலத்தில் மேசை விளக்குகள், சுவரில் சுவர் விளக்குகள். அத்தனையும் பகலிலேயே எரிந்துகொண்டிருக்கும். மார்கழி மாதத்து நாலு மணி இருட்டில் வெளியிலிருந்து அந்தப் பகுதிக்குள் நுழைந்தால் வெளிச்சத்தோடு வெக்கையும் முகத்தில் அடிக்கும். மூக்குக் கண்ணாடி போட்டிருந்தவர்கள் ஆவி படிந்த கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு நிற்பார்கள். வீட்டில் மின்மானியில் ஐம்பது பென்ஸ் நாணயம் போட்டு வெப்பமூட்டியை ஓட்டிய காலத்தில், அங்கே விலை பார்ப்பதுபோல் நின்று உடம்பைச் சூடாக்கிக்கொண்டவர்கள் உண்டு. பின்னர் அடமானக் கடன் எடுத்துச் சொந்த வீடு வாங்கியபோது, அதே ஆட்கள் அதே பகுதிக்கு வந்து, வரவேற்பறைக்கு ஐந்து கிளை விளக்காக ஒன்றை வாங்கிப் போனார்கள். தொண்ணூறுகளில் வீடு வாங்கிய குடும்பங்களின் பழைய ஒளிப்படங்களைப் பாருங்கள். பிறந்தநாள் கேக்குக்கு மேலே, பலூன்களுக்கு நடுவே, பித்தளை நிறத்தில் அந்த விளக்குத் தொங்குவதைக் காண்பீர்கள்.

டபிள்யூ. எச். சிமித் பற்றிக் கட்டுரையாளர் ஒரு வரி மட்டும் எழுதியிருந்தார். 1792ஆம் ஆண்டு இலண்டனில் சிறு பத்திரிகைக் கடையாகத் தொடங்கிய அந்த நிறுவனம், தனது கடைத்தெருக் கிளைகளை 2025ஆம் ஆண்டு விற்றுவிட்டதால், அக்கிளைகளின் முகப்பில் டிஜி ஜோன்ஸ் என்ற பெயர் வந்தது. பழைய பெயர் விமான நிலையங்கள், தொடருந்து நிலையங்கள், மருத்துவமனைகள் போன்ற இடங்களில் தொடர்கிறது. எங்கள் தலைமுறைக்கு அது புத்தகக் கடையாக இருந்ததைவிடக் கடிதத்தாள் கடையாகவே அதிகம் இருந்தது. வான்வழிக் கடிதங்களுக்கென்று மெல்லிய நீலத் தாள் கட்டுகள் அங்கே கிடைக்கும். தாளில் கோடு இருக்காது. அடியில் வைத்து எழுதுவதற்காகத் தடித்த கோடுகள் போட்ட ஒரு தாளைக் கட்டோடு சேர்த்து வைத்திருப்பார்கள். எடை கூடினால் தபால் செலவு கூடும் என்பதால், தாளின் இரு புறமும், ஓரத்திலும், சில வேளை கையொப்பத்தைச் சுற்றியும் எழுதுவோம். யாழ்ப்பாணத்துக்குக் கடிதம் போய்ச் சேருமோ சேராதோ என்றிருந்த ஆண்டுகளில் அப்படி எழுதியவை பல கடைசியில் கொழும்பில் யாரோ ஒரு உறவினர் வீட்டில் தங்கிவிட்டன. கடித உறையில் நீல, சிவப்புக் கோடுகளைக் கண்டால் இன்றும் என் கை முகவரி எழுதத் தேடுகிறது.

இன்னொன்றையும் இங்கே சொல்லவேண்டும். எமக்கும் இந்த நாட்டுக் கடைத்தெருவுக்கும் உள்ள தொடர்பு எண்பதுகளில் தொடங்கியதல்ல. கிளாஸ்கோவில் 1871ஆம் ஆண்டு ஒரு மளிகைக் கடையைத் திறந்த தோமஸ் லிப்டன், பின்னர் நாடெங்கும் கிளைகளைப் பரப்பி, 1890இல் இலங்கையில் தேயிலைத் தோட்டங்களை வாங்கினார். ஹப்புத்தளைக்கு அருகே டம்பத்தென்னத் தோட்டம் அவருடையதாக இருந்தது. அங்கே மலையகத் தமிழ்த் தொழிலாளர்கள் கிள்ளிய கொழுந்து, இடைத்தரகர் இல்லாமல் அவருடைய கடைகளுக்கே வந்து, பொதி செய்து விற்கப்பட்டது. லிப்டன் என்ற பெயர் இன்று தேயிலைப் பொதியில்தான் இருக்கிறது. அந்தப் பெயர் தாங்கிய மளிகைக் கடைகள் கடைத்தெருக்களிலிருந்து எப்போதோ போய்விட்டன. நாங்கள் வந்திறங்குவதற்கு ஏறக்குறைய நூறாண்டுகளுக்கு முன்னரே எம்மவர்களின் உழைப்பு இங்குள்ள கடைகளின் தட்டுகளில் இருந்தது என்பதைத் தமிழ்ப் பத்திரிகையில் வரும் கட்டுரையாவது நினைவுகூர்ந்திருக்கலாம்.

நான் வேலை செய்த கடையின் பெயரைத் தவிர்த்துவிடுகிறேன். பாத்திரப் பகுதியில் பகுதிநேர வேலை. காலையில் விலை ஒட்டும் துப்பாக்கியால் நூற்றுக்கணக்கான பொருள்களில் சீட்டு ஒட்டவேண்டும்; கழிவு விற்பனை வந்தால் அதே பொருள்களில் பழைய சீட்டின் மேல் சிவப்புச் சீட்டு ஒட்டவேண்டும். பழைய விலை வெளியே தெரியும்படி, ஆனால் புதிய விலை முதலில் கண்ணில் படும்படி ஒட்டுவது ஒரு கைப்பழக்கம். 'ரில்' என்று நாங்கள் சொல்லும் காசுப் பெட்டியை மாலையில் எண்ணி ஒப்படைக்கும்போது ஐந்து பென்ஸ் குறைந்தாலும் மேற்பார்வையாளர் பெண்மணி மறுபடியும் எண்ணச் சொல்வார். அவர் அயர்லாந்துக்காரர். எமது பெயர்களை உச்சரிக்க முடியாமல் சுருக்கிய சிலரைப்போல் அல்லாமல், ஒரு கிழமை முழுவதும் முயன்று, முழுப் பெயரையும் சரியாகச் சொல்லப் பழகிக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் பெரிய கடைகள் திறப்பதற்கு அனுமதி தந்த சட்டம் 1994ஆம் ஆண்டுதான் வந்தது. அதற்கு முன்னர் சனிக்கிழமை பகல் என்றால் காலெடுத்து வைக்க இடமிருக்காது. எங்கள் பிள்ளைகளில் பலரும் பதினாறு வயதில் தங்கள் முதற் சம்பளத்தை வாங்கியது இத்தகைய கடைகளின் சனிக்கிழமை வேலையில்தான். இன்று வைத்தியராகவும் கணக்காளராகவும் இருப்பவர்களிடம் கேட்டால், காலணிக் கடையில் முழந்தாளிட்டு அந்நியர் காலை அளந்த கதையைச் சொல்வார்கள். அந்த வேலை அவர்களுக்கு எந்தப் பாடசாலையும் கற்றுத் தராத பணிவைக் கற்றுத் தந்தது என்பது என் தனிப்பட்ட கருத்து. பிள்ளைகள் ஒப்புக்கொள்ளாமலும் இருக்கலாம்.

இனிக் கட்டுரையின் முடிவுக்கு வருகிறேன். இணையம்தான் காரணம் என்றால், சில கேள்விகளுக்கு விடை வேண்டும். வாடகைக்குத் தொலைக்காட்சிப் பெட்டிகளும் தவணைக்குக் குளிர்சாதனப் பெட்டிகளும் வந்த காலத்தில் எங்கும் காணப்பட்ட ரம்பலோஸ் கடைகள் 1995ஆம் ஆண்டு மூடப்பட்டன. அப்போது இணையத்தில் வாங்குவது என்றால் என்னவென்றே எவருக்கும் தெரியாது. சி அண்ட் ஏ இந்நாட்டை விட்டு விலகுவதாக 2000ஆம் ஆண்டு அறிவித்து, 2001இல் கடைகளை மூடியது. ஐரோப்பாவின் பிற நாடுகளில் அதே நிறுவனம் அதே இணையத்தோடு போட்டியிட்டு இன்றும் கடை நடத்துகிறது. வூல்வொர்த்ஸ் வீழ்ந்த 2008ஆம் ஆண்டில், இந்நாட்டுச் சில்லறை விற்பனையில் இணையத்தின் பங்கு நூற்றுக்கு ஐந்து அளவே இருந்தது. அந்த ஐந்து விழுக்காடு எண்ணூறு கடைகளை விழுங்கியது என்று சொன்னால் கணக்குப் பொருந்தவில்லை.

வூல்வொர்த்ஸின் கதையை எடுத்துக்கொள்வோம். 2001ஆம் ஆண்டு அதனைத் தனி நிறுவனமாகப் பிரித்துவிடுவதற்கு முன், தாய் நிறுவனமான கிங்ஃபிஷர், 182 வூல்வொர்த்ஸ் கடைக் கட்டடங்களை 614 மில்லியன் பவுண்களுக்கு விற்று, அவற்றையே வூல்வொர்த்ஸ் வாடகைக்கு எடுத்துக்கொள்ளும்படி ஒப்பந்தம் செய்தது. சொந்த வீட்டை விற்றுவிட்டு அதே வீட்டில் வாடகைக்கு இருந்தால், நல்ல காலத்தில் நடக்கும். வேலை போனால் தெருவுக்கு வரவேண்டியதுதான். இன்னொரு பக்கம், பேரங்காடிகள் பாலோடும் பாணோடும் குழந்தை உடைகளையும், இசைத்தட்டுகளையும், பாடசாலைச் சீருடைகளையும் விற்கத் தொடங்கியிருந்தன. வூல்வொர்த்ஸின் லேடிபேர்ட் சீருடையை ஆகஸ்ட் மாதத்தில் தேடி அலைந்த தாய்மார், வாராந்த மளிகைச் சாமான் வாங்கப் போன இடத்திலேயே அதைவிட மலிவாக வேறு சீருடையை வாங்கிக்கொண்டார்கள். 2008ஆம் ஆண்டின் நிதி நெருக்கடி வந்து, கடனுக்குக் கொடுத்த சரக்கின் பணம் வராவிட்டால் சரக்கு வழங்குவோருக்கு ஈடு தரும் கடன் காப்புறுதி நின்றுபோனபோது, அந்தக் கடை தாங்கவில்லை. 807 கடைகளும், ஏறத்தாழ 27,000 பேரின் வேலைகளும் ஒரு குளிர்காலத்தில் போயின. கூடவே, இசைத்தட்டுகளையும் படங்களையும் மொத்தமாக வழங்கிவந்த அதன் துணை நிறுவனம் விழுந்ததால், அதனிடம் சரக்கு வாங்கிய ஸாவி என்ற இசைக் கடைத் தொடரும் நத்தாருக்கு முதல் நாள், நொடித்த நிறுவனங்களைப் பொறுப்பேற்கும் நிர்வாகிகளின் கையில் போனது. ஒரு கடை விழும்போது எத்தனை கடைகளை இழுத்துக்கொண்டு விழுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் இல்லை.

டெபன்ஹாம்ஸின் கதையும் ஏறக்குறைய இதுவே. 1778ஆம் ஆண்டிலிருந்து தன் வரலாற்றைக் கணக்கிட்ட அந்த நிறுவனத்தை 2003ஆம் ஆண்டு மூன்று முதலீட்டு நிறுவனங்கள் கூட்டாக வாங்கின. 23 கடைக் கட்டடங்களை 495 மில்லியன் பவுண்களுக்கு விற்று, நீண்ட கால வாடகைக்கு மாற்றின. பெருங்கடனோடு 2006இல் மீண்டும் பங்குச் சந்தைக்கு அனுப்பின. பெருந்தொற்று வந்தபோது அதன் தலையில் இருந்தது அந்தச் சுமைதான். கடைசிக் கதவுகள் 2021ஆம் ஆண்டு மே மாதம் மூடப்பட்டன. பிஎச்எஸ் பற்றி இங்குள்ள எல்லோரும் அறிவர்: 2000ஆம் ஆண்டு 200 மில்லியன் பவுண்களுக்கு சேர் பிலிப் கிரீன் வாங்கிய நிறுவனம் 2015இல் ஒரு பவுணுக்குக் கைமாறியது, அடுத்த ஆண்டு 11,000 பேர் வேலையிழந்தார்கள், ஓய்வூதிய நிதியில் 571 மில்லியன் பவுண் பள்ளம் இருப்பது தெரியவந்தது, நாடாளுமன்றக் குழுக்கள் விசாரித்தன, 2017இல் முன்னாள் உரிமையாளர் 363 மில்லியன் பவுண்களை அந்த நிதிக்குக் கொடுத்தார். விளக்குப் பகுதியில் நின்று எமக்கு ஏணி பிடித்துத் தொங்கு விளக்கை இறக்கித் தந்த பெரியவர்களின் ஓய்வூதியம் அது.

இணையம் இவற்றில் எதையும் தொடவில்லை என்று நான் வாதிடவில்லை. 2021இன் தொடக்கத்தில், அத்தியாவசியமற்ற கடைகள் சட்டப்படி மூடிக் கிடந்தபோது, சில்லறை விற்பனையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் இணையம் வழியாக நடந்தது. அதற்குப் பின் அது குறைந்தாலும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. புளொக்பஸ்டர் போன்ற வீடியோக் கடைகளின் சாவுக்கு இணையம்தான் நேரடிக் காரணம். அதையும் இதையும் ஒரே பட்டியலில் போட்டு ஒரே காரணம் சொல்வதையே நான் மறுக்கிறேன். அப்படிச் சொன்னால் குற்றம் கைத்தொலைபேசியில் பொருள் வாங்கும் எம்மீது மட்டும் விழுகிறது. கட்டடத்தை விற்றவர்களும், வாடகையை ஏற்றியவர்களும், இலாபத்தை எடுத்துக்கொண்டு போனவர்களும் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகிறார்கள். ஊருக்கு வெளியே கார் நிறுத்த இடத்தோடு எழுந்த பேரங்காடித் தொகுதிகளையும் மறக்கக்கூடாது. பிரென்ற் குறொஸ் 1976இலேயே வந்துவிட்டது. லேக்சைட் 1990இலும், கென்ற் பகுதியின் புளூவோட்டர் 1999இலும் திறக்கப்பட்டன. கார் வாங்கியதும் நாங்களும் குடும்பத்தோடு அங்கேதான் ஓடினோம்.

பெருங்கடைகளின் மறைவு எம்மவர்களின் சிறு கடைகளையும் தாக்கியது என்பது கட்டுரையில் ஒரு வார்த்தைகூட வரவில்லை. வூல்வொர்த்ஸுக்கு இரண்டு கடை தள்ளிப் பத்திரிகைக் கடை வைத்திருந்த அண்ணை ஒருவரின் வியாபாரத்தில் பாதி, அங்கே வந்தவர்கள் திரும்பும் வழியில் வாங்கிய சிகரெட்டும், லொத்தர் சீட்டும், குளிர்பானமுமாக இருந்தது. பெரிய கடை மூடிய இளவேனிலில் அவர் மதியத்துக்குப் பிறகு வாசலில் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருக்கத் தொடங்கினார். பின்னர் அந்த இடத்துக்கு, பொருள்களை ஒரு பவுண் விலைக்கு விற்கும் மலிவுக் கடை ஒன்று வந்தது. அதுவும் சிகரெட்டைத் தவிர அவர் விற்ற எல்லாவற்றையும் விற்றது.

எமக்கென்று இருந்த கடைகளும் மறைந்துவிட்டன. அவற்றுக்கு எந்தப் பத்திரிகையும் அஞ்சலி எழுதுவதில்லை. ரூட்டிங்கிலும் ஈஸ்ற்ஹாமிலும் வெம்பிளியிலும் இருந்த தமிழ் வீடியோக் கடைகளைச் சொல்கிறேன். மேசைக்குப் பின்னால் கூரை வரை கசெட்டுகள், உறையின் முதுகில் பேனாவால் எழுதிய படப் பெயர், கொப்பியில் உறுப்பினர் இலக்கம். பின்னால் ஒரு அறையில் நாள் முழுவதும் ஓடிக்கொண்டிருக்கும் பிரதி எடுக்கும் கருவிகள். புதுப் படம் வெள்ளிக்கிழமை மாலை வந்துவிட்டதா என்று தொலைபேசியில் கேட்டு, வந்திருந்தால் எடுத்து வைக்கச் சொல்லி, வேலை முடிந்து ஓடுவோம். மரக்கறி, கருவாடு, மாத இதழ், கோயில் திருவிழா அறிவித்தல், அறை வாடகைக்கு என்ற கையெழுத்துத் துண்டு எல்லாம் அங்கேயே இருக்கும். யார் வீட்டில் என்ன நடந்தது என்ற செய்தியும் அங்கேதான். அதே மேசையில் பின்னர் தொலைபேசி அட்டைகள் வந்தன. ஐந்து பவுண் அட்டையில் எந்தப் பெயருடையது இலங்கைக்கு அதிக நிமிடம் தரும் என்பதைக் கடைக்காரர்தான் கிழமைக்குக் கிழமை சொல்லவேண்டும், ஏனெனில் அட்டையில் அச்சிட்டதை நம்பமுடியாது. செய்மதித் தொலைக்காட்சி கசெட்டுகளையும், கைத்தொலைபேசிச் செயலிகள் அட்டைகளையும் அகற்றின. இங்கே இணையமும் ஒரு காரணம் என்று கட்டுரையாளர் சொல்லியிருந்தால் நான் வாயே திறந்திருக்கமாட்டேன்.

ஆசிரியர் அவர்களிடம் இரண்டு வேண்டுகோள்கள் உண்டு. தங்கள் பத்திரிகையில் மாதம் ஒரு பக்கத்தை இந்நினைவுகளுக்கு ஒதுக்கி, வாசகர்களிடம் ஒளிப்படங்களையும் பொருள்களையும் கேட்டு வெளியிடுங்கள். கடைப் பைகள், வேலை செய்த காலத்துப் பெயர்ச் சின்னங்கள், சம்பளச் சீட்டுகள், வீடியோக் கடையின் உறுப்பினர் அட்டைகள் எல்லாம் இன்னும் அலுமாரிகளின் அடியில் கிடக்கின்றன. பெற்றோர் காலமானதும் பிள்ளைகள் முதலில் குப்பையில் போடுவது அவற்றைத்தான். பல உள்ளூராட்சி மன்றங்களுக்கு ஆவணக் காப்பகங்கள் இருக்கின்றன. அவற்றில் அந்தந்தப் பகுதிக் கடைத்தெருவின் ஒளிப்படங்கள் சேர்த்து வைக்கப்பட்டிருக்கின்றன. அங்கே தமிழ்க் கடைகளும் தமிழ் வேலையாட்களும் இடம்பெற வேண்டுமானால் நாங்கள்தான் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.

அடுத்தது நிகழ்காலத்தைப் பற்றியது. 2024ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் தொடக்கம் இங்கிலாந்தில், 24 மாதங்களுக்குள் 365 நாள்களுக்கு மேல் வெறுமையாகக் கிடக்கும் கடைத்தெருக் கட்டடங்களின் குத்தகையை, உரிமையாளர் முன்வராவிட்டாலும், உள்ளூராட்சி மன்றமே ஏலத்தில் விடலாம் என்ற அதிகாரம் நடைமுறைக்கு வந்திருக்கிறது. குத்தகைக் காலம் ஓராண்டிலிருந்து ஐந்தாண்டு வரை. வார இறுதிகளில் பாடசாலை மண்டபங்களை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்துத் தமிழ் வகுப்பும் நூலகமும் முதியோர் சந்திப்பும் நடத்தும் எமது சங்கங்கள், தங்கள் பகுதி மன்றம் இந்த அதிகாரத்தைப் பயன்படுத்துகிறதா என்று ஒரு கடிதம் எழுதிக் கேட்கலாம். இதன் விதிமுறைகளைத் தங்கள் பத்திரிகை தமிழில் விளக்கி வெளியிட்டால் பலருக்கும் பயன்படும்.

முடிவாக ஒரு திருத்தம். கட்டுரையோடு வெளிவந்த படத்தின் கீழ், வூல்வொர்த்ஸ் கடைகள் அனைத்தும் 2008 டிசம்பரில் மூடப்பட்டதாக அச்சாகியிருந்தது. அவை டிசம்பர் 27ஆம் திகதி தொடக்கம் தொகுதி தொகுதியாக மூடப்பட்டன. கடைசித் தொகுதி மூடப்பட்டது 2009ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் திகதி. அந்த ஜனவரி நாள்களில் தட்டுகளையும் கூடைகளையும்கூட விற்றுக்கொண்டு வேலைக்கு நின்றவர்களில் எம்மவர்களும் இருந்தார்கள் என்பதால், அடுத்த இதழில் இதைத் திருத்தி வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டகால வாசகி,
கிழக்கு இலண்டன்